‘தோல்’ என்னும் பழஞ்சொல்லும் ஹீனியின் ‘பேயோவுல்ஃப்’ மொழிபெயர்ப்பும்

இலக்கிய வரலாறு எழுதுவோர் பெருநூல்களையும் பெரும்புலவர்களையும் அடிப்படையாகக் கொண்டே எழுதுவது வழக்கம். ஆயின், சிற்சில வேளைகளில் ஒரு தனிச்சொல்லின் வரலாறு ஒரு நூலின் வரலாற்றிலும் பார்க்கக் கூடுதலான உண்மைகளைப் புலப்படுத்துவதுண்டு. யார் யாரிடமிருந்து எதனைப் பெற்றனர், யார் எதனை இழந்தனர், எந்தச் சொல் அரண்மனைக்குள் சென்றது, எந்தச் சொல் அடுக்களையில் ஒதுங்கியது என்பனவெல்லாம் அத்தகைய வரலாற்றினுள் அடங்கிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் இன்று பெரும்பாலும் வழக்கிழந்துவிட்ட ‘தோல்’ என்னும் வினைச்சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

துன்பத்தைப் பொறுத்தல், தாங்குதல் என்பது இச்சொல்லின் பொருள். அகராதிகள் இதனைப் பழவழக்கு என்றோ, ஸ்கொத்லாந்து, வட இங்கிலாந்து, வட அயர்லாந்து ஆகிய பகுதிகளின் வட்டார வழக்கு என்றோ குறிக்கின்றன. இத்தகைய ஒரு சொல்லைத் தமக்கும் ஆங்கிலத்தின் முதற்பெருங் காப்பியத்துக்கும் இடையிலான பாலமாகக் கொண்டவர் அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனி (1939–2013). 1999இல் வெளிவந்த அவரது ‘பேயோவுல்ஃப்’ மொழிபெயர்ப்பின் முன்னுரையில் இச்சொல்லுக்கு அவர் அளிக்கும் இடம் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஆயின், அவர் கூறுவது எவ்வளவு பொருந்தும், மொழிபெயர்ப்பில் அச்சொல் உண்மையில் செய்யும் பணி யாது என்னும் வினாக்கள் தனித்து நோக்கற்பாலன.

முதலிற் சொல்லின் பிறப்பை நோக்கலாம். பழைய ஆங்கிலத்தில் இது ‘தொலியன்’ என வழங்கியது. அதன் தொடக்க ஒலியை இக்கால ஆங்கில நெடுங்கணக்கில் இல்லாத ‘தோர்ன்’ என்னும் எழுத்தாற் குறித்தனர். ‘தாங்கு, தூக்கு’ எனப் பொருள்படும் மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரொன்றிலிருந்து இது பிறந்தது. வானத்தைத் தோளிற் சுமந்த அற்லஸ் என்னும் கிரேக்கத் தேவனின் பெயரும், ‘பொறுத்தல்’ எனப் பொருள்படும் ‘தொலராரே’ என்னும் இலத்தீன் வினையும், நிறுத்தற் கருவியைக் குறிக்கும் ‘துலா’ என்னும் வடசொல்லும் அவ்வேரின்வழி வந்தனவென மொழிநூலார் கொள்வர். அவ்வடசொல்லே தமிழிற் ‘துலாம்’, ‘துலாக்கோல்’ என வழங்குவது. நீரிறைக்கும் இயந்திரங்கள் வருவதற்கு முன் யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் ஏறி மிதிக்கப்பட்ட துலாவும் அதுவே. இவ்வகையில் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழகராதியிலும் தூரத்து உறவொன்று உண்டு. ஆனால் தமிழிலுள்ள ‘தோல்’, ‘தோள்’ என்னும் சொற்களுக்கும் இதற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. சுமப்பது தோள் என்பதால் இரண்டையும் இணைக்கும் ஆசை எழக்கூடும். ஒலி ஒற்றுமையை மட்டுங் கொண்டு உறவு கற்பித்தல் மொழியாராய்ச்சி ஆகாது.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினைக்கு மூன்று பொருள்கள் இருந்தன. துன்புறுதல் ஒன்று. அழியாது நின்றுபிடித்தல் இரண்டாவது. மூன்றாவது பொருள் சட்டநூல்களில் வருவது; ஒன்றை இழத்தல், பறிகொடுத்தல் என்பது அது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட ஈனே மன்னனின் சட்டத்தொகுதியில், நிலமுடைய உயர்குடியினன் ஒருவன் படைக்கழைத்தபோது செல்லாதிருப்பின் 120 சில்லிங் தண்டம் இறுத்துத் தன் நிலத்தையும் இழக்கவேண்டும் என்னும் விதி உள்ளது. அங்கு ‘இழக்க’ என்பதற்கு நிற்பது இந்தத் ‘தொலியன்’ என்னும் வினையே. துன்புறுவோன், நிலைத்து நிற்போன், உடைமையை இழந்தோன் ஆகிய மூவரையும் ஒரே வினை சுட்டியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து ஆட்சியிலும் நீதிமன்றிலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘தோல்’ பரவலாக வழங்கியதாயினும், பிரெஞ்சுவழி வந்த ‘சஃபர்’, ‘எண்டியூர்’ ஆகிய சொற்கள் மெல்லமெல்ல அதன் இடத்தைப் பற்றிக்கொண்டன. பதினான்காம் நூற்றாண்டிற் சோசர் தம் ‘கன்ரபரிக் கதைகள்’ நூலில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். அதைச் சொல்பவன் சேற்றிற் சிக்கிய வண்டியோடும் குதிரைகளோடும் மல்லாடும் வண்டிக்காரன். சொல்லின் பிற்கால வாழ்க்கைக்கு அவ்விடம் ஒரு முன்னறிகுறிபோல அமைந்துவிட்டது. பதினாறாம் நூற்றாண்டிற் புலமையாளர் இலத்தீனிலிருந்து ‘ரொலரேற்’ என்னும் சொல்லைப் பெற்றுக்கொண்டனர். வீட்டிலிருந்த பிள்ளையை வெளியே விட்டுவிட்டு, அதே குடியிற் பிறந்த அயலூர்ப் பிள்ளையைத் தத்தெடுத்த கதை இது.

தெற்கில் மறைந்த சொல் வடக்கில் வாழ்ந்தது. 1785இல் றொபேட் பேர்ன்ஸ் எழுதிய புகழ்பெற்ற கவிதையில், ஏர்முனையாற் கூடிழந்த சிறு எலி இனி மாரிக்காலத்துப் பனிமழையைத் தாங்கவேண்டியிருப்பதைக் குறிக்க வருவது இந்த வினையே. ஸ்கொத்லாந்து நீதிமன்றங்களிலும் இச்சொல் நெடுங்காலம் வழங்கியது. ஒருமுறை விசாரணையை எதிர்கொண்டு முடித்தவன் விசாரணையைத் ‘தோல்’ செய்தவன். அதே குற்றத்துக்காக அவனை மீண்டும் விசாரித்தல் ஆகாது என்பது அங்குள்ள மரபு. 2011இல் நிறைவேறிய சட்டம் ஒன்று இவ்விதியைப் புதிதாக வகுத்தது. ஆக, இங்கிலாந்தின் ஏட்டு மொழியில் இறந்துபட்டதெனக் கருதப்பட்ட சொல், உழவன் வாயிலும் வழக்குரைஞன் வாயிலும் உயிரோடிருந்தது.

ஹீனி பிறந்தது வட அயர்லாந்தின் டெரி மாவட்டத்தில். கத்தோலிக்க உழவர் குடும்பத்தில். பெல்பாஸ்ற் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்றபோது பழைய ஆங்கிலமும் அவருக்குப் பாடமாயிற்று. ஐரிஷ் தன் இழந்த தாய்மொழி, ஆங்கிலம் ஆண்டவன் மொழி, இரண்டும் பகைமொழிகள் என்னும் எண்ணத்தோடு வளர்ந்தவர் அவர். ‘பேயோவுல்ஃப்’ காப்பியத்தின் ரென் பதிப்பிலிருந்த அருஞ்சொல் அகராதியில் ‘தொலியன்’ என்னும் சொல்லை அவர் கண்டார். முதலில் அந்நியமாய்த் தெரிந்த அச்சொல், தம் ஊரில் கல்வியறிவு குறைந்த முதியோர் நாளாந்தம் வழங்கும் சொல்லே என்பது பின்னர் அவருக்குப் புலனாயிற்று. எதிர்பாராத சாவு நேர்ந்த வீட்டாரைக் குறித்து, அவர்கள் இனிப் பொறுத்துக்கொள்ளத்தான் பழகவேண்டும் என்று சொல்லும்போது அவருடைய மாமி ஆண்ட சொல் அது. இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்துக்கும், அங்கிருந்து குடியேறியோருடன் அல்ஸ்ரருக்கும், குடியேறியோர் வாயிலிருந்து மண்ணின் மைந்தர் வாய்க்கும், பின்னர் அற்லாந்திக் கடந்து அமெரிக்கத் தென்பகுதிக்கும் அச்சொல் பயணஞ் செய்ததை ஹீனி எடுத்துரைக்கிறார். ரெனசி மாநிலத்துக் கவிஞர் ஜோன் குறோ றன்சமின் கவிதையில் அதனைக் கண்டபோது தாம் அடைந்த மகிழ்ச்சியையும் பதிவுசெய்கிறார். தமக்கும் பழைய ஆங்கிலத்துக்கும் உறவு உண்டு, இக்காப்பியத்தை மொழிபெயர்க்கும் உரிமை தமக்கும் உண்டு என்னும் துணிவுக்கு இச்சொல் ஒரு காரணமாயிற்று என்பதே அவர் கூற்றின் சாரம்.

இக்கூற்றை மூலத்தோடு ஒப்பிட்டு நோக்குமிடத்துச் சுவையான உண்மையொன்று தெரியவருகிறது. காப்பியத்தின் தொடக்கத்தில், தலைவனின்றி டேனியர் நெடுங்காலம் பட்ட இன்னலை இறைவன் அறிந்தான் என வருமிடத்தில், ஏறத்தாழப் பதினைந்தாம் அடியில், ஹீனி ‘தோல்’ என்னும் வினையை ஆள்கிறார். மூலத்தில் அவ்விடத்தில் இருப்பது ‘தொலியன்’ அன்று. ‘துன்பம் அனுபவித்தல்’ எனப் பொருள்படும் ‘த்ரேயொகன்’ என்னும் வேறொரு வினையின் வடிவம். அதுவும் ஸ்கொத்லாந்து வழக்கில் ‘ட்ரீ’ என நின்று நிலவிய சொல்லே. மாறாக, மூலத்தில் ‘தொலியன்’ வருமிடங்களில் ஹீனி வேறு சொற்களை நாடுகிறார். கிரெண்டல் என்னும் கொடியோன் மண்டபத்துட் புகுந்து வீரரைக் கொன்ற மறுநாட் காலை, முதிய மன்னன் ஹ்றொத்கார் செயலற்று அமர்ந்திருக்கும் காட்சியில் இவ்விரு வினைகளும் ஒரே அடியில் அடுத்தடுத்து வருகின்றன. அங்கு ஹீனி பெயரடைகளைக் கொண்டு மன்னனின் நிலையை வருணித்துச் செல்கிறார். கடற்காவலனிடம் பேயோவுல்ஃப் உரையாடுமிடத்தில் ‘எண்டியூர்’ என்னும் பிரெஞ்சுவழிச் சொல்லே இடம்பெறுகிறது.

ஆகவே, ஹீனி இச்சொல்லை ஆண்டமைக்குச் சொல்லுக்குச் சொல் நேர்மை காரணமன்று என்பது வெளிப்படை. இதனைக் குறையெனக் கூறுவோர் உளர். பழைய ஆங்கிலப் புலமையாளர் சிலர் இம்மொழிபெயர்ப்பை ‘ஹீனிவுல்ஃப்’ என எள்ளியதும் இத்தகைய சுதந்திரங்களை மனதிற்கொண்டே. ஆனால், சொல் எங்கு நிற்கிறது என்பதினும் ஏன் நிற்கிறது என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா. காப்பியம் டேனிய மன்னரின் புகழைப் பாடித் தொடங்குகிறது. கடற்குடிகளை அச்சுறுத்தித் திறை கொண்ட பேரரசன் ஒருவன் போற்றப்படுகிறான். அப்புகழ்மொழி ஓய்வதற்குள், ஆள்வோனின்றி அல்லலுற்ற மக்கள் நினைவுகூரப்படுகின்றனர். சாவு வீட்டைக் குறித்துப் பேசும் கிராமத்துப் பெண்ணொருத்தியின் சொல்லை ஹீனி அவ்விடத்திற் பெய்தபோது, வேந்தர் காப்பியத்தினுள் குடிமக்களின் குரல் ஒலிக்கத் தொடங்குகிறது. அதுவரை அவைக்களப் புலவன் பாடியது இப்போது அயல்வீட்டார் பேசுவதாகிறது. மூலத்தில் உள்ள பொருளே இது. மூலத்தின் சொல் அன்று.

வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆய்வு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலின் வாயிலாகச் சங்கப் பாடல்கள் கிரேக்க, ஐரிஷ் வீரயுகப் பாடல்களோடு ஒப்புநோக்கப்பட்டன. அவ்வாய்வுகளில் மன்னன், பாணன், கொடை, போர் என்பன முதன்மை பெறுதல் இயல்பே. பாடலுக்குப் பொருளானோரும் அதனைப் பாடுவித்தோரும் அவர்களே. போரைத் தாங்கியவர் எவர் என்னும் கேள்வியை எழுப்புவதற்கு, வெட்டியோனைப் பாடும் சொற்களோடு பட்டோரைப் பேசும் சொற்களும் வேண்டும். ஹீனிக்கு அத்தகைய ஒரு சொல் கையிலிருந்தது. காப்பியத்தின் இறுதியில், பேயோவுல்ஃபின் ஈமத்தீ முன் நின்று, இனி வரப்போகும் படையெடுப்பையும் அடிமைவாழ்வையும் அஞ்சிப் பெயரில்லாப் பெண்ணொருத்தி புலம்புகிறாள். தமிழிலக்கணகாரர் கையறுநிலை எனக் கூறத்தக்க காட்சி அது. அவளது புலம்பலை றுவண்டாவிலிருந்தோ கொசொவோவிலிருந்தோ வந்த செய்தியாகவும் கொள்ளலாம் என்னும் கருத்து ஹீனியின் முன்னுரையில் உண்டு. தலைவனின்றித் துன்புற்ற மக்களிற் தொடங்கும் காப்பியம், தலைவனை இழந்து துன்புறவிருக்கும் மக்களில் முடிகிறது. முதலில் நாட்டப்பட்ட அந்த ஒரு சொல் வாசகனை முடிவுக்கு ஆயத்தஞ் செய்கிறது. ஹீனியின் தேர்வுக்கு உண்மையான நியாயம் இதுவே.

எனினும் பெற்றதோடு இழந்ததும் உண்டு. மூலக் காப்பியத்தில் ‘தொலியன்’ மனிதர்க்கு மாத்திரம் உரிய வினையன்று, வாளுக்கும் உரியது. நீரடி வாழும் கிரெண்டலின் தாயோடு பேயோவுல்ஃப் பொருதும்போது, இரவலாகப் பெற்ற ஹ்றுன்ரிங் என்னும் வாள் முதன்முறையாகத் தோற்கிறது. அதற்கு முன் எத்தனையோ கைகலப்புகளை அது ‘தொலியன்’ செய்ததாகப் புலவன் கூறுகிறான். முதுமையில் நாகத்தோடு பொரச் செல்லும் பேயோவுல்ஃப், இவ்வாள் தாங்குமளவும் தான் பொருவேன் எனச் சூளுரைக்கிறான். அங்கும் அதே வினை. போரின் நடுவில் அவ்வாள் முறிந்துவிடுகிறது. மனிதன் துயரைத் தாங்குவதும் இரும்பு அடியைத் தாங்குவதும் ஒரே வினையாற் சுட்டப்படுவதில் வீரயுகத்தின் ஒரு பெருங்கருத்துப் பொதிந்துள்ளது: பொறுத்தல் என்பது செயலின்மை அன்று, அதுவும் ஓர் ஆற்றல், ஆயின் எல்லையுள்ள ஆற்றல். வாளும் ஒருநாள் முறியும். ஹீனியின் மொழிபெயர்ப்பில் வாள் பற்றிய இவ்விரு இடங்களிலும் ‘தோல்’ இல்லை. சாவு வீட்டுச் சொல்லாக அதனைக் கேட்டு வளர்ந்த செவிக்கு, அதன் போர்க்களப் பொருள் தொலைவிற் போய்விட்டது போலும்.

இவ்விடத்து மற்றுமொரு வினா எழுகின்றது. சொல்லின் பயணத்தை ஹீனி மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். ஆனால் அப்பயணத்தின் ஒரு கட்டம் மகிழ்ச்சிக்குரியதன்று. 1607இல் அல்ஸ்ரரின் ஐரிஷ் பிரபுக்கள் நாட்டைவிட்டு வெளியேறியதும் அவர்தம் நிலங்களை ஆங்கில அரசு பறிமுதல் செய்தது. 1609இல் தொடங்கிய திட்டத்தின்படி ஸ்கொத்லாந்தின் தாழ்நிலத்தாரும் ஆங்கிலேயரும் அந்நிலங்களிற் குடியேற்றப்பட்டனர். ஹீனியின் மாமி வாயில் அச்சொல் வந்தமைந்தது அக்குடியேற்றத்தின் வழியாகவே. ‘நிலத்தை இழத்தல்’ என்று ஈனே மன்னனின் சட்டத்திற் பொருள்பட்ட வினை, நிலத்தைப் பெற்றவர் வாய்மொழியாக அல்ஸ்ரருக்கு வந்தது. நிலத்தை இழந்தவர் அதனைக் கற்றுக்கொண்டு ‘பொறுத்தல்’ என்னும் பொருளில் ஆண்டனர். சொல்லின் பழைய மூன்றாம் பொருள் அகராதியில் மறைந்தது; வரலாற்றில் மறையவில்லை.

இதனால் ஹீனியின் உரிமைக்கோரல் வலுவிழந்துவிடுகிறதா? வலுவிழக்கவில்லை, அதன் தன்மையே மாறுகிறது. ஆண்டோர் மொழியில் ஆளப்பட்டோர்க்கும் உரிமை உண்டு என்பதற்கு, அம்மொழி தூய்மையாய்த் தமக்கு வந்தது என்று காட்டவேண்டிய தேவையில்லை. அதனைக் கொண்டு எத்தனை சாவு வீடுகளில் ஆறுதல் கூறினர் என்பதே போதிய சான்று. ஹ்றொத்காரின் மண்டபம் சார்ந்த அரணைக் குறிக்க, அயர்லாந்திற் குடியேறியோர் கட்டிய கோட்டை மதிலின் பெயரான ‘போன்’ என்னும் சொல்லை ஹீனி துணிந்து ஆண்டமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஐரிஷ் மொழியிற் பிறந்து, குடியேறியோர் மதிலுக்குப் பெயரான சொல் அது. ‘தோல்’ எதிர்த்திசையிற் சென்ற சொல். வரலாற்றின் வடுக்களை மறைத்து மொழிபெயர்க்க அவர் முனையவில்லை.

ஆயினும் ‘பொறுத்துக்கொள்ளப் பழகவேண்டும்’ என்னும் கூற்றை அறவுரையாகவே ஏற்றுக்கொள்வது எளிதன்று. இயற்கையான சாவைப் பொறுப்பதற்கும் பிறர் இழைத்த தீங்கைப் பொறுப்பதற்கும் வேறுபாடு உண்டு. இலத்தீன்வழிச் சகோதரனான ‘ரொலரேற்’ என்னும் சொல் மேலிருப்போன் கீழிருப்போனைச் சகித்துக்கொள்வதைக் குறிக்கலாயிற்று. ‘தோல்’ கீழிருப்போன் எல்லாவற்றையும் தாங்குவதைக் குறித்தது. ஒரே வேரின் இரு கிளைகள் சமூகத்தின் இரு தட்டுகளாகப் பிரிந்துபோயின. பொறுமையைப் போற்றும் சொல், பொறுக்கவைப்போருக்கும் வாய்ப்பாகிவிடும். வாளைப் பற்றிய மூலப் புலவனின் ஆட்சி இங்குத்தான் முக்கியம் பெறுகிறது. தாங்குவது எதுவோ அதற்கு ஓர் எல்லையும் உண்டு என்பதை மறவாத சொல்லே முழுமையான சொல்.

இறுதியாக, இச்சொல்லைத் தமிழாக்க முனைவோர்க்கு ஒரு குறிப்பு. ‘சகித்தல்’ என்பது இதற்குப் போதாது; ‘அனுபவித்தல்’ ஒரு பாதியையே தரும். ‘பொறை’ என்னும் தமிழ்ச்சொல்லோ சுமை, பொறுமை என்னும் இருபொருளையும் இயல்பாக உடையது. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குப் ‘பொறையுடைமை’ எனப் பெயரிட்டபோது, பொறுமையைச் சுமையாகவும் உடைமையாகவும் காணும் பார்வை அச்சொல்லில் அமைந்துவிட்டது. ‘தாங்கு’ என்னும் வினை மனிதனுக்கும் வாளுக்கும் கூரைமரத்துக்கும் ஒருங்கே பொருந்துவது. “தாங்கமாட்டாது” என எல்லையைக் கூறவும் வல்லது. ‘பேயோவுல்ஃப்’ காப்பியத்தை மூலத்திலிருந்து தமிழில் ஆக்குவோர், ஹீனி பதினைந்தாம் அடியில் நாட்டிய சொல்லுக்கும் அவர் கைவிட்ட வாளின் வினைக்கும் இந்த ஒரு தமிழ் வினையையே ஆளலாம். அவ்வாறு செய்யின், சாவு வீட்டுப் பொருளும் போர்க்களப் பொருளும் மீண்டும் ஒரு சொல்லில் இணையும்.